வ. உ. சி. கண்ட பொருள்

‘பொருள்’ என்னுஞ் சொல் தமிழிலே பல கருத்துக்களைத் தருவது. சொல்லின் கருத்தும் பொருள். கண்ணாற் காணும் பண்டமும் பொருள். கையிலுள்ள செல்வமும் பொருள். அறம் முதலிய உறுதிப்பொருள் நான்கனுள் இரண்டாவதும் அதுவே. நூலைப் படிப்பவன் அதன் பொருளைத் தேடுகின்றான். உலகியலில் உழல்பவன் கைப்பொருளைத் தேடுகின்றான். இவ்விரு தேட்டமும் ஒரே நூலிற் சந்திப்பதும் உண்டு.

செல்வம் சேர்ப்பது எவ்வாறு, பணத்தைப் பற்றி எவ்வாறு எண்ணுவது, வறுமையிலிருந்து மீள்வது எவ்வாறு என்று கற்பிக்கும் நூல்கள் இக்காலத்தில் மிகப் பலவாக வெளிவருகின்றன. ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தனவும் தமிழிலேயே எழுதியனவும் புத்தகக் கடைகளின் முன்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மேல்வகுப்பு மாணாக்கர் இவற்றை விரும்பிப் படிக்கின்றனர். அதனைக் குறை கூறுவதற்கில்லை. எங்கள் எலுவன்குளம் போன்ற கரையோரச் சிற்றூரிலே, கடலையும் மழையையும் நம்பி வாழும் இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைக்குப் பணத்தைப் பற்றிய கவலை பாடநூலுக்கு முன்னரே அறிமுகமாகிவிடுகின்றது. வலை அறுந்தால் அடுத்த வலைக்குக் கடன் வாங்கவேண்டும். மழை பொய்த்தாலும், காட்டு யானை வந்து பயிரை மிதித்தாலும், விதைத்த முதல் மீளாது. இவற்றையெல்லாம் கண்டு வளர்ந்த பிள்ளை, பொருள் வழி காட்டும் நூலொன்றைக் கையில் எடுப்பது இயல்பே.

ஆயினும், அந்நூல்களிற் பல ஒரு கருத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளன. ஒருவன் வறியவனாயிருப்பதற்கு அவன் எண்ணமே காரணம். எண்ணத்தைத் திருத்திக்கொண்டால் செல்வம் தானே வந்தடையும் என்பதே அக்கருத்து. இதனை வாசிக்கும் மாணவன், தன் தந்தையார் பொருளின்றி வாடுவது அவருடைய மனக்குறையினால் என்று கொள்வானாயின், அந்நூல் அவனுக்குச் செய்தது நன்மையா, தீமையா? ஆசிரியராயுள்ளோர் ஒதுக்கிவிடக்கூடாத வினா இது.

இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஒரு பெரியாரின் வாழ்க்கை நமக்கு உதவும். எண்ணமே வாழ்வை ஆக்குகின்றது என்னும் ஆங்கில நூல்களைத் தமிழிற் பெயர்த்துத் தந்தோருள் முற்பட்டவர் அவர். பெரும் வணிகமொன்றை எழுப்பி, அதனை இழந்து, வறுமையின் எல்லையையும் கண்டவர் அவரே. கப்பலோட்டிய தமிழர் என்று உலகம் போற்றும் வ. உ. சிதம்பரம்பிள்ளை அவர்களே அப்பெரியார்.

கடலிற் கண்ட செல்வம்

திருநெல்வேலிச் சீமையிலுள்ள ஒட்டப்பிடாரத்தில், 1872-ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 5-ஆந் திகதி, உலகநாதபிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார் சிதம்பரனார். தந்தையார் வக்கீல். மகனும் அத்தொழிலுக்கே பயின்று, 1894-இல் தேர்ச்சி பெற்று, சொந்த ஊரிற் சிலகாலம் வழக்காடியபின் 1900-ஆம் ஆண்டில் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார். ஏழைகளுக்காகவும் எளியோருக்காகவும் வாதாடுபவர் என்னும் பெயர் அவருக்கு வாய்த்தது. அவ்வாறே இருந்திருப்பாராயின் செல்வமும் செல்வாக்கும் உடைய ஒரு வக்கீலாக வாழ்ந்து முடிந்திருப்பார்.

தூத்துக்குடித் துறைமுகமோ அவர் கருத்தை வேறு வழியிற் செலுத்தியது. நம் எலுவன்குளத்துக்கு அண்மையிற் கலா ஓயா கடலேரியைச் சேர்கின்றது. அதற்கப்பால் கற்பிட்டித் தீபகற்பம். தீபகற்பத்துக்கு மேற்கே மன்னார் வளைகுடா. வளைகுடாவின் அக்கரையிலே தூத்துக்குடி. 1914-இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பலும் புகைவண்டியும் இணைந்த போக்குவரத்துத் தொடங்கும் வரையில், தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடைப்பட்ட பயணத்தின் பெருவழி தூத்துக்குடி–கொழும்புக் கடல்வழியே. வணிகரும், தோட்டத் தொழிலாளரும், உறவினரைக் காணச் செல்வோரும் அவ்வழியிற் சென்றுவந்தனர். அரிசியும் துணியும் அவ்வழியில் வந்தன. இத்தனை போக்குவரத்தின் வருவாயும் பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்னும் வெள்ளையர் கம்பெனி ஒன்றின் கைக்கே சென்றது.

பயணம் செய்பவர் நம்மவர், பண்டம் நம்முடையது, கூலி மட்டும் பிறர்க்குச் செல்வதேன் என்று எண்ணினார் சிதம்பரனார். அவ்வெண்ணத்தின் பயனாக 1906-ஆம் ஆண்டு ஒக்டோபர் 16-ஆந் திகதி சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவுசெய்யப்பட்டது. மதுரையிலே தமிழ்ச்சங்கத்தை நிறுவிய பாண்டித்துரைத் தேவரே அதன் தலைவரானார். தமிழுக்குச் சங்கம் கண்டவர் கப்பற் கம்பெனிக்கும் தலைமை தாங்கியமை கருதத்தக்கது. புலமையும் வாணிகமும் ஒன்றையொன்று கண்டு கூசாத காலம் அது.

கம்பெனியின் மூலதனம் பத்து இலட்சம் ரூபா. அது நாற்பதினாயிரம் பங்குகளாகப் பிரிக்கப்பட்டது. பங்கு ஒன்றின் விலை இருபத்தைந்து ரூபா. ஆசிய நாட்டவர் எவரும் பங்குதாரராகலாம் என்பது விதி. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் ஒருவரே எண்ணாயிரம் பங்குகளை இரண்டு இலட்சம் ரூபா கொடுத்து வாங்கினார். எனினும், இருபத்தைந்து ரூபா சேர்த்து வைக்கக்கூடிய நடுத்தரக் குடும்பத்தவனும் கப்பலுக்கு உடையவனாகலாம் என்பதே அத்திட்டத்தின் உயிர்நிலை. ஒருவன் தன் பெட்டியிற் பூட்டிவைக்கும் பணத்தைப் பலரோடு சேர்த்துப் பொதுமுயற்சியில் இடும்போது அது நாட்டின் செல்வமாகும் என்பதைத் தமிழ் மக்களுக்குக் கண்கூடாகக் காட்டியது அக்கம்பெனி. அதற்காகப் பாரதியார் தம் ‘இந்தியா’ பத்திரிகையில் எழுதி ஆதரவு திரட்டினார்.

தொடக்கத்தில் வாடகைக் கப்பல்களைக் கொண்டு தொழில் நடந்தது. எதிர்க்கம்பெனியின் நெருக்குதலால் அக்கப்பல்கள் விலக்கப்பட்டன. சொந்தக் கப்பல் இன்றிப் பயனில்லை என்று தெளிந்த சிதம்பரனார் பம்பாய்க்குச் சென்றார். கப்பலோடன்றித் திரும்புவதில்லை என்னும் உறுதியோடு அவர் சென்றார் என்பது வழிவழி வழங்கும் செய்தி. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் 1907-ஆம் ஆண்டில் தூத்துக்குடித் துறையை அடைந்தன.

பின்னர் நிகழ்ந்த போட்டியை வணிகம் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். வெள்ளையர் கம்பெனி பயணக் கட்டணத்தைத் தலைக்கு ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. முன்னதோ ஒருபடி மேற்சென்று, கட்டணமே இல்லை என்றும், ஏறுபவர்க்குக் குடையும் இனாமாகத் தரப்படும் என்றும் அறிவித்தது. இலவசமாகத் தருபவன் எல்லாம் வள்ளல் அல்லன். போட்டியாளனை வீழ்த்தும்வரையில் நட்டத்தைத் தாங்கவல்ல பெருமுதல் உடையவன் அவன். அம்முதலுக்குப் பின்னால் ஓர் ஏகாதிபத்தியமும் துணை நின்றது. இதனை நாம் பின்னர் நினைவுகூர்தல் வேண்டும்.

தொழிலாளர் பக்கம்

கப்பற் கம்பெனியை நடத்துபவர் முதலாளிகளின் பக்கத்தில் நிற்பதே உலக வழக்கம். சிதம்பரனார் அவ்வாறு நின்றாரல்லர். தூத்துக்குடியிலே ஹார்வி சகோதரர்களின் கோரல் பஞ்சாலையில் நெடுநேர வேலைக்குக் குறைந்த கூலி பெற்று வாடிய தொழிலாளர், 1908-ஆம் ஆண்டு பெப்ரவரி 27-ஆந் திகதி வேலைநிறுத்தம் தொடங்கினர். அவர்களுக்குத் தலைமை தாங்கியோர் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் ஆவர். வேலையின்றி இருந்த குடும்பங்களுக்கு உணவு கிடைக்கவும் அவர்கள் வழிசெய்தனர். ஒன்பது நாளில் ஆலையார் இணங்கினர். கூலி உயர்வும், வேலைநேரக் குறைப்பும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் தொழிலாளர்க்குக் கிடைத்தன.

அவர் செல்வத்தை வெறுத்தவரல்லர் என்பதும், ஒருசிலரிடம் மட்டும் அது தங்குவதை ஏற்றவரல்லர் என்பதும் இவ்விரு நிகழ்ச்சிகளாற் புலனாகும். வணிகத்தால் நாடு செழிக்க வேண்டும். அச்செழிப்பிலே உழைப்பவனுக்குப் பங்கிருத்தல் வேண்டும். இக்கொள்கையை அவர் நூலாக எழுதுமுன் செயலாகச் செய்து காட்டினார்.

அரசு அதனைப் பொறுக்கவில்லை. 1908-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆந் திகதி அவர் சிறைப்பட்டார். யூலை 7-ஆந் திகதி நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டதாயினும், நான்கு ஆண்டுகளுக்கு மேலாகக் கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் உழன்றார். மாடு இழுக்கவேண்டிய செக்கை அவரைக்கொண்டு இழுப்பித்தனர் கோயம்புத்தூர்ச் சிறையார். தலைவனை இழந்த கம்பெனி தளர்ந்தது. 1911-ஆம் ஆண்டில் கலைக்கப்பட்டது. கப்பல்கள் விலைபோயின.

சிறையில் ஒரு சிறுநூல்

இந்த நிலையிலேதான் அவர் ஒரு சிறுநூலைத் தமிழிற் பெயர்த்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கிலேயர் 1903-ஆம் ஆண்டில் எழுதிய அந்நூல் ஏழே இயல்களைக் கொண்டது. மனிதன் எவ்வாறு எண்ணுகின்றானோ அவ்வாறே ஆகின்றான் என்பது அதன் உட்கிடை. ‘மனம் போல வாழ்வு’ என்னும் பெயரோடு 1909-இல் அது தமிழில் வெளிவந்தது. பெரியோர் இளையோரை வாழ்த்தும்போது வழங்குகின்ற தொடர் அது. அயல்நாட்டுக் கருத்துக்கு வீட்டு வாசலில் வழங்கும் சொல்லைப் பெயராகச் சூட்டியமையிலேயே மொழிபெயர்ப்பாளரின் திறமை விளங்கும்.

அதனை எழுதிய ஆலனும் செல்வரல்லர். 1864-ஆம் ஆண்டில் லெஸ்டர் நகரிற் பிறந்தவர். தொழில் நலிந்து வேலை தேடி அமெரிக்கா சென்ற தந்தையார் அங்கே உயிரிழக்க, பதினைந்தாம் வயதிலே பள்ளியை விட்டு வேலைக்குச் செல்லவேண்டியவரானார். பின்னாளிற் கடற்கரையூர் ஒன்றிலே எளிய வாழ்க்கை நடத்தி நூல்களை எழுதி, 1912-ஆம் ஆண்டு ஜனவரியில், நாற்பத்தேழாம் வயதில் இறந்தார். அவர் இறந்தபோது அவருடைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் கண்ணனூர்ச் சிறையில் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை.

சிறை மீண்ட பின்னரும் சிதம்பரனார் ஆலனை விடவில்லை. ‘அகமே புறம்’ 1914-இல் வெளிவந்தது. வறுமையிலிருந்து வலிமைக்குச் செல்லும் வழியைக் கூறுவதாக ஆலன் 1901-இல் எழுதிய நூல் இரண்டு பகுதிகளை உடையது. அதனின்றும் ‘வலிமைக்கு மார்க்கம்’ 1916-இலும், ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934-இலும் தமிழாயின. முதல் மொழிபெயர்ப்புக்கும் கடைசி மொழிபெயர்ப்புக்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள் சென்றன. சிறைத்துன்பத்துக்கு மருந்தாக மட்டும் ஒரு நூலைக் கொண்டவர், விடுதலையானதும் அதனை மறந்திருப்பார். இவரோ வாழ்நாளின் இறுதிவரை ஆலனைப் பெயர்த்துவந்தார்.

இக்காலத்தில் உலகெங்கும் பரவியுள்ள செல்வ நூல்களுக்கு ஆலன் ஒரு முன்னோடி என்பதை ஆராய்வோர் ஒப்புக்கொள்வர். அதற்கும் முன்னர் 1859-ஆம் ஆண்டில் ஸாமுவேல் ஸ்மைல்ஸ் என்பார் தன்முயற்சியின் பெருமையைக் கூறி நூல் எழுதினார். பின்னர் 1937-ஆம் ஆண்டில் நெப்போலியன் ஹில் என்னும் அமெரிக்கர், சிந்தித்துச் செல்வராகும் முறையைக் கூறி நூல் எழுதினார். இம்மூவரையும் ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஒரு மாற்றம் தெரியும். ஸ்மைல்ஸ் போற்றியது உழைப்பையும் ஒழுக்கத்தையும். ஆலன் போற்றியது மனத்தூய்மையை. செல்வம் அவருக்கு ஒரு துணைப்பயனே. ஹில் என்பார்க்கோ செல்வமே முதற்பயனாயிற்று. மனம் அதற்குக் கருவியாயிற்று. இன்று நம் மாணாக்கர் கையிலுள்ள நூல்களிற் பெரும்பாலன மூன்றாமவரின் வழியைப் பின்பற்றுவன. நம் சிதம்பரனார் தேர்ந்துகொண்டதோ இடைப்பட்டவரை.

ஆலன் நூலிலே ஒரு கருத்து உண்டு. ஒடுக்குபவனும் ஒடுக்கப்படுபவனும் ஒரே அறியாமைக்கு உடந்தையாயிருப்பவர் என்பது அது. அமைதியான ஊரில் அமர்ந்திருப்பவனுக்கு இது எளிதிற் சொல்லிவிடக்கூடிய கருத்து. அடிமைப்பட்ட நாட்டின் சிறைக்கூடத்திலே, அதனைத் தமிழாக்குபவன் நிலை வேறு. அவ்விடத்தில் இக்கருத்துக்கு இரண்டு விளைவுகள் இருத்தல் கூடும். எல்லாம் நம் குற்றமே என்று அடங்கிப்போவது ஒன்று. நாம் அறியாமையை விட்டால் ஒடுக்குபவனின் ஆற்றலும் குன்றும் என்று நிமிர்வது மற்றொன்று. சிதம்பரனாரின் பின்னை வாழ்வு அவர் எதனைக் கொண்டார் என்பதை ஐயமறக் காட்டுகின்றது.

முந்நூற்று நாற்பத்தேழு ரூபா

1912-ஆம் ஆண்டு டிசெம்பர் 24-ஆந் திகதி அவர் விடுதலையானார். பல்லாயிரவர் கூடி வரவேற்றிருக்க வேண்டிய அந்த நாளில், நண்பர் சிலரே வாயிலில் நின்றனர். வக்கீல் தொழில் செய்யும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது. கப்பல் இல்லை, கம்பெனி இல்லை, முன்னோர் தேடிய பொருளும் கரைந்துவிட்டது. மனைவி மக்களோடு சென்னையிற் குடியேறி, சிறு வியாபாரங்கள் செய்து பார்த்தார். அவை அவர் குடும்பத்தைத் தாங்கப் போதியனவாகவில்லை.

அக்காலத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி ஈண்டு குறிப்பிடத்தக்கது. சிறைப்பட்ட அவருக்கு உதவவேண்டித் தென்னாபிரிக்காவில் வாழ்ந்த நம்மவர் பணம் திரட்டினர். அப்பணம் காந்தியடிகளின் பொறுப்பில் இருந்தது. அடிகள் 1915-இல் இந்தியாவுக்கு மீண்டபின், அதனைக் குறித்து இருவர்க்குமிடையே பல கடிதங்கள் சென்றுவந்தன. கணக்குகள் தென்னாபிரிக்காவில் இருந்தமையாற் காலந்தாழ்ந்தது. சிதம்பரனார் தம் குடும்ப நிலையை மறையாது எழுதினார். அடிகளும் மறவாது தேடி விசாரித்தார். 1916-ஆம் ஆண்டில் முந்நூற்று நாற்பத்தேழு ரூபா பன்னிரண்டு அணா அவர் கைக்கு வந்துசேர்ந்தது.

பத்து இலட்சம் ரூபா மூலதனத்தில் கம்பெனி கண்டவர், முந்நூற்று நாற்பத்தேழு ரூபாவுக்காகக் கடிதத்தின்மேற் கடிதம் எழுதிக் காத்திருந்தார். இவ்விரு தொகைகளுக்கும் இடையே கழிந்த காலம் பத்தே ஆண்டுகள். அந்தப் பத்தாண்டுகளில் அவர் எண்ணம் தாழ்ந்ததா? இல்லை. ‘வலிமைக்கு மார்க்கம்’ என்னும் நூலை அவர் வெளியிட்டதும் அதே 1916-ஆம் ஆண்டிலேயே.

இவ்விடத்தில் மற்றொரு நூலையும் நினைத்தல் தகும். காந்தியடிகளும் செல்வத்தைப் பற்றிய ஒரு நூலால் வாழ்வு மாறியவரே. 1904-ஆம் ஆண்டில், ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து டர்பனுக்குப் புகைவண்டியிற் சென்றபோது, ஜோன் ரஸ்கின் எழுதிய பொருளியல் நூலொன்றைப் படித்தார். ஊரார் அனைவரின் நன்மையிலேயே ஒருவன் நன்மை அடங்கும் என்றும், வக்கீலின் உழைப்புக்கும் நாவிதனின் உழைப்புக்கும் மதிப்பு ஒன்றே என்றும் அதனின்றும் தெளிந்தார். சிதம்பரனார் சிறைப்பட்ட 1908-ஆம் ஆண்டிலேயே, அந்நூலின் சாரத்தைச் ‘சர்வோதயம்’ என்னும் பெயராற் குஜராத்தியில் எழுதினார். இருவரும் வக்கீல்கள், இருவரும் ஆங்கிலேயர் எழுதிய நூலைத் தம் தாய்மொழிக்குக் கொணர்ந்தவர்கள். ஒருவர் கொணர்ந்த நூல் செல்வம் சமூகத்தில் எவ்வாறு பகிரப்படவேண்டும் என்றது. மற்றவர் கொணர்ந்த நூல் செல்வத்துக்கு முன் மனம் எவ்வாறு இருத்தல்வேண்டும் என்றது. இரண்டும் வேண்டப்படுவனவே.

பொருளிழந்தார் பொருளதிகாரம் பதித்தார்

ஆலன் நூல்களோடு சிதம்பரனார் நின்றுவிடவில்லை என்பதே நாம் சிறப்பாகக் கருதவேண்டுவது. சிறைத்தோழர்க்கு அறநூற் பொருளை எளிமையாகக் கற்பிக்கவேண்டி ‘மெய்யறம்’ என்னும் நூலை யாத்தார். மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என்னும் ஐந்து பகுதிகளாய், 125 அதிகாரங்களாய் அமைந்த அந்நூல் 1914-இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டில் ‘மெய்யறிவு’ வெளிவந்தது. திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் வரைந்த உரையை 1917-இற் பதிப்பித்தார். தொல்காப்பியம் எழுத்ததிகாரத்தின் இளம்பூரணர் உரையை 1928-இல் வெளியிட்டார். அவ்வுரையின் பொருளதிகாரத்தைப் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை அவர்களோடு சேர்ந்து பதிப்பித்தார். கைப்பொருளை இழந்தவர் பொருளதிகாரத்தைத் தமிழுலகுக்குத் தந்தார்.

இந்நாட்டுத் தமிழர்க்கு அவர் தந்த ஒன்றும் உண்டு. கொழும்பிலிருந்து வெளிவரும் ‘வீரகேசரி’ப் பத்திரிகையில், 1930-களிலே, தம் அரசியல் ஆசானாகிய திலகரின் வரலாற்றைத் தொடராக எழுதினார். அவருடைய கப்பல் கொழும்புக்கு வருவது நின்று கால் நூற்றாண்டு கழிந்தபின்னர் அவருடைய எழுத்துக் கொழும்புக்கு வந்தது.

ஆலன் நூலையும் குறளையும் ஒருங்கே போற்றியவர் என்பதனால், அவ்விரண்டையும் ஒப்புநோக்குதல் நம் கடனாகின்றது. திருக்குறளின் 133 அதிகாரங்களிலே பொருட்பாலுக்கு உரியன 70. வள்ளுவர் பொருளை இகழ்ந்தவரல்லர். பொருள் செயல்வகை என்றோர் அதிகாரமே வகுத்தார். பொருள் இல்லாதாரை உலகம் மதியாது என்பதை ஒளியாமற் கூறினார். ஆலனைப் போலவே மனத்தின் ஆற்றலையும் அவர் போற்றினார். ஊக்கமுடைமை என்னும் அதிகாரம் அதற்குச் சான்று. அதுவரையில் இருவரும் ஒருவழிச் செல்வர்.

அதற்கப்பால் வள்ளுவர் தனித்துச் செல்கின்றார். நல்குரவு, இரவு, இரவச்சம் என மூன்று அதிகாரங்களிலே வறுமையின் கொடுமையை அவர் விரித்துரைக்கும்போது, வறியவனை நோக்கி உன் எண்ணம் குறையுடையது என்று அவர் கூறவில்லை. பிறரிடம் கையேந்தி உயிர்வாழும் நிலை உலகிலே இருக்குமாயின், அப்பழி உலகை வகுத்தவனையே சாரும் என்னும் அளவுக்குச் சினந்தார். ஆள்வினையுடைமை அதிகாரத்திலோ, ஊழ் துணைசெய்யாமை எவர்க்கும் இழிவாகாது என்றும், அறியவேண்டுவன அறிந்து முயலாமையே இழிவு என்றும் தெளிவுறுத்தினார். முயற்சியை ஒருவனிடம் கேட்கலாம். முயற்சியின் பயன் தவறியதற்காக அவனைப் பழித்தல் ஆகாது. செல்வ நூல்கள் பலவும் விட்டுவிடும் இந்த வேறுபாட்டைக் குறள் விடவில்லை.

சிதம்பரனாரின் வாழ்க்கையே இதற்கு உரையாக அமைந்தது. அவருடைய கம்பெனி ஊக்கக்குறைவால் வீழ்ந்ததன்று; எண்ணச் சிறுமையால் வீழ்ந்ததன்று. இலவசப் பயணம் தந்து நட்டத்தைத் தாங்கிய பெருமுதலும், தலைவனைச் சிறையிலிட்ட அரசும் சேர்ந்து அதனை வீழ்த்தின. எண்ணமே செல்வத்தைத் தருமென்பது முழு உண்மையாயின், 1907-ஆம் ஆண்டில் தென்கடலில் அவரினும் பெருஞ்செல்வர் எவரும் இருந்திருத்தல் இயலாது.

அவ்வாறாயின் அவர் மொழிபெயர்த்த நூல் பொய்யோ? அன்று. செல்வத்தைத் தரும் என்னும் பகுதியிலே அது அவருக்குப் பயன்படவில்லை. செல்வம் போனபோது மனிதன் போகாதிருத்தல் என்னும் பகுதியிலே முற்றும் பயன்பட்டது. செக்கிழுத்த கை எழுதுகோலைத் தாழவிடவில்லை. கடன் கேட்டு நின்ற வாய் பொய் பேசவில்லை. தமக்கு வக்கீல் உரிமை மீள உதவிய வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் நன்றியை மறவாமல், தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில ஆட்சியை எதிர்த்துச் சிறைசென்றவர் ஆங்கிலேயர் ஒருவரின் நற்செயலைப் பெயராக்கிப் பிள்ளையின் தலையிற் சூட்டினார். அகம் நேரிதாயிருந்தமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

உரிமை மீண்டபின் கோவில்பட்டியிலும் பின்னர்த் தூத்துக்குடியிலும் அவர் வழக்காடினார். வருவாய் பெருகவில்லை. 1936-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆந் திகதி தூத்துக்குடியில் இறைவனடி சேர்ந்தார். கடைக்காரர் சிலருக்குத் தாம் கொடுக்கவேண்டிய சிறு கடன்களையும் தம் இறுதி முறியில் அவர் குறித்துவைத்திருந்தார். தாம் இறந்தபின்னரும் பிறர் பொருள் தம்மிடம் தங்கலாகாது என்பது அவர் கருத்து. பொருளைப் பற்றி அவர் எழுதியவற்றுள் இதுவே கடைசி.

மாணாக்கர்க்கு

அவர் மறைந்தபின் அவருக்குச் சிறப்புக்கள் பல வந்தன. தூத்துக்குடித் துறைமுகமே 2011-ஆம் ஆண்டு முதல் அவர் பெயரைத் தாங்குகின்றது. அதே ஆண்டிலே தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே பயணக் கப்பலொன்று மீண்டும் ஓடத் தொடங்கிச் சில மாதங்களில் நின்றுபோயிற்று. அக்கடல்வழியிற் கப்பல் நடத்துதல் எத்துணை அரிது என்பதை அஃது ஒருமுறை உணர்த்தியது.

செல்வ நூல்களைப் படிக்கவேண்டா என்று மாணாக்கரைத் தடுத்தல் நம் கருத்தன்று. சிதம்பரனாரே அவற்றைப் படித்தார். தாமே பெயர்த்தும் தந்தார். ஆயின் அவற்றைத் தனியே படித்தல் ஆகாது. ‘மனம் போல வாழ்வு’ ஒரு கையில் இருக்குமாயின், குறளின் பொருட்பால் மறுகையில் இருத்தல் வேண்டும். முன்னது தன் மனத்தை ஆராயக் கற்பிக்கும். பின்னது அயலான் துன்பத்தை ஆராயக் கற்பிக்கும். முன்னதை மாத்திரம் கற்றவன் செல்வனாயினால் வறியவனை இகழ்வான். வறியவனாகவே இருப்பின் தன்னைத்தான் இகழ்வான்.

எனவே, எலுவன்குளத்து மாணவன் ஒருவன் இந்நூல்களை வாசிக்கும்போது, அவற்றை அளக்கும் கோலாக இவ்வாழ்க்கையைக் கொள்வானாக. வலை அறுந்தபோதும் விடியுமுன் மீண்டும் கடலுக்குச் செல்லும் தந்தையாரின் ஊக்கம், எந்தச் செல்வ நூலும் கற்பிக்கக்கூடிய ஊக்கத்திற் குறைந்ததன்று. அவர் கையிற் பொருள் தங்காமைக்குக் காரணம் மீனின் விலையிலும், கடனின் வட்டியிலும், பருவத்தின் மாறுதலிலும் உண்டு. அக்காரணங்களைக் கணக்கிட்டு அறிதல் மகனின் கல்வி. அவற்றை மாற்றுதற்கு அயலாரோடு கூடி முயலுதல் அவனுடைய கடமை. இருபத்தைந்து ரூபாப் பங்குகளாகப் பலரைக் கூட்டிக் கடலிலே கப்பல் விட்டவர் காட்டிய வழி அதுவே. அவ்வழி அன்று அடைக்கப்பட்டதே அன்றித் தவறென்று காட்டப்படவில்லை.